ஃபேட்டி லிவருக்கு புரோபயாடிக் கேப்சூல் வாங்கலாமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கணவருக்கு வயது 44, உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. குடிப்பழக்கம் இல்லை. ஆபீஸில் எடுத்த ஹெல்த் செக்கப்பில் கிரேடு 1 ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி. 45, எஸ்.ஜி.பி.டி. 72, பிளேட்லெட் 2.4 லட்சம். மெடிக்கல் ஷாப்பில் புரோபயாடிக் கேப்சூல் மூன்று மாதம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? வீட்டுத் தயிரே போதாதா?"

புரோபயாடிக் என்பது உயிரோடு இருக்கிற நல்ல பாக்டீரியா. வாங்கினால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அது மட்டும் கல்லீரலில் சேர்ந்திருக்கிற இந்தக் கொழுப்பைக் கரைக்காது. தயிரும் கரைக்காது.

குடலுக்கும் கல்லீரலுக்கும் சம்பந்தம் இருப்பது உண்மைதான். கல்லீரலுக்கு வருகிற ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கத்திலிருந்துதான் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக வருகிறது. எண்ணெயும் சர்க்கரையுமாகச் சாப்பிட்டு, நார்ச்சத்து குறைந்துபோனால் குடலில் இருக்கிற பாக்டீரியாக்களின் கலவை மாறி, குடல் சுவர் இறுக்கம் இழந்து, கிருமிகளின் உடைந்த துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் அங்கே அழற்சியைக் கிளப்புகின்றன. நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தால் இது சரியாகுமா என்று பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாக்டீரியா. சிலவற்றில் எஸ்.ஜி.பி.டி. (எஸ்.ஜி.ஓ.டி. போலவே, கல்லீரல் செல்கள் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறுகிற நொதி) கொஞ்சம் இறங்கியது. ஆனால் 2020-ல் வெளியான இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் ஆய்வில், நூறு பேர் போலச் சேர்த்து, ஒரு வருடம் போல பிஃபிடோபாக்டீரியம் என்கிற நல்ல பாக்டீரியா வகை ஒன்றையும் அதற்குத் தீனியான நார்ச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். குடலில் பாக்டீரியா மாறியது, கல்லீரல் கொழுப்பு மட்டும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் குறையவில்லை. அதனால்தான் நாங்கள் இதை ஃபேட்டி லிவருக்கான மருந்தாக எழுதிக் கொடுப்பதில்லை.

சரி, தயிர். வீட்டில் உறை ஊற்றுகிற தயிரில் என்ன பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, இருந்தாலும் அது நல்ல சாப்பாடு. தாராளமாக மோராக்கிக் குடிக்கட்டும், சர்க்கரை போட்ட லஸ்ஸி வேண்டாம். இட்லி மாவு புளித்ததுதான், ஆனால் ஆவியில் வெந்ததும் அந்தக் கிருமிகள் செத்துவிடும். பழைய சோற்றில் கிருமிகளும் உயிரோடு இருக்கும், ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தும் கொஞ்சம் கூடும். நல்லதுதான், ஆனால் அதற்காக ஒரு சட்டி சோறு சாப்பிட்டால் அரிசிக் கணக்கு ஏறிவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன்: அவர் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறார்? ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 முதல் 50 கிராம் ஆகிறது, பிஸ்கட்டையும் ஜூஸ் கடை சாத்துக்குடி ஜூஸையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ், அதைப் பெரும்பாலும் கையாள்வது கல்லீரல், அளவு கூடினால் அங்கேயே கொழுப்பாக மாற்றிவிடும். முதலில் டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். அப்புறம் இரவு பத்து மணிப் பரோட்டாவை நிறுத்தி, எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடிக்கச் சொல்லுங்கள். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் கொத்தவரங்காய், அவரைக்காய், கீரை, சுண்டல் வையுங்கள். கேப்சூலில் வாங்குகிற பாக்டீரியாவைவிட, குடலில் ஏற்கெனவே இருக்கிறவற்றுக்கு இந்த நார்ச்சத்தைப் போடுவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். அவருக்கு அது ஐந்தரை முதல் எட்டு கிலோ. ஆறு மாதத்தில் முடிகிற காரியம்தான். முரசொலி மாறன் பூங்கா உங்களுக்குப் பக்கம்தானே, தினமும் 40 நிமிடம் வேகமாக நடக்கட்டும்.

பயப்பட வேண்டாம் என்று சொல்வதற்கும் எனக்குக் காரணம் இருக்கிறது. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு போடுவோம். நீங்கள் கொடுத்த எண்களில் 0.97 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் கல்லீரலில் பெரிய அளவில் தழும்பு விழுந்திருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட்), கொலஸ்ட்ரால், ஹெபடைட்டிஸ் பி, சி டெஸ்டுகளை ஒரு முறை எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கிற ஃபைப்ரோஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இவ்வளவும் செய்துகொண்டே கேப்சூலும் எடுக்கத்தான் ஆசை என்றால் எடுக்கலாம். லேபிளில் பாக்டீரியாவின் முழுப்பெயரும் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள், ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால் நம் ஊர் வெயிலில் அலமாரியில் வைக்காதீர்கள். கீமோ எடுப்பவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. லிவருக்கு நல்லது என்று சீந்தில் பொடி, மூலிகை டானிக் எதையாவது யாராவது கொடுத்தால் கண்டிப்பாக வேண்டாம், சீந்திலால் கல்லீரல் கெட்டுப்போனவர்களைப் பற்றி இந்தியாவிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து எடையும் எஸ்.ஜி.பி.டி.யும் பார்த்துவிட்டு எழுதுங்கள். எடை இறங்கியும் எஸ்.ஜி.பி.டி. இறங்கவில்லை என்றால் காத்திருக்காமல் கல்லீரல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.