பாட்டெழுதிப் பாட விரும்பும் மகள்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள், தாமே எழுதி மெட்டமைத்த பாடல்களைப் பாடுவதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறார் என்றும், கச்சேரி வருமானம் எவ்வளவு நிலையற்றது என்பதை வீட்டிலேயே கண்டு வளர்ந்த தங்களுக்கு அது அச்சம் தருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால், இசைக் குடும்பத்துப் பெண் என்பதால் ஓராண்டிலேயே முடிவு தெரிந்துவிட வேண்டும் என்று தாங்கள் விதிக்க நினைக்கும் கெடுவை என்னால் ஏற்க இயலவில்லை. காரணத்தை விளக்க, அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸின் தொடக்க ஆண்டுகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1979இல் நியூயார்க்கில் பிறந்த நோரா, சித்தார் மேதை ரவிசங்கரின் மகள். எனினும் அவர் வளர்ந்தது டெக்சாஸ் மாநிலத்தில், தாயார் சூ ஜோன்ஸிடம். டல்லாஸ் நகரின் புக்கர் டி. வாஷிங்டன் கலைப் பள்ளியில் படித்தபோதே, டவுன்பீட் என்ற ஜாஸ் இசை இதழின் மாணவர் விருதுகளைப் பாடியதற்காகவும் சொந்தமாக இயற்றியதற்காகவும் பெற்றார். பின்னர் வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டது ஜாஸ் பியானோ. குரல் இருக்கிறதே என்று நின்றுவிடாமல் ஒரு வாத்தியத்தை முறையாகக் கற்றது பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது என்பது என் கருத்து.

இரண்டாண்டுப் படிப்புக்குப் பின், 1999இல் அவர் நியூயார்க் சென்றார். உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டே சிறிய அரங்குகளில் பாடினார். பாடலாசிரியர் ஜெஸ்ஸி ஹாரிஸ், பாஸ் கலைஞர் லீ அலெக்ஸாண்டர் ஆகியோருடன் குழுவாக இயங்கினார். 2001இல் புளூ நோட் என்ற இசைப்பதிவு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2002 பிப்ரவரியில் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. மறு ஆண்டு ஐந்து கிராமி விருதுகள் அவருக்குக் கிடைத்தன.

இந்த வெற்றியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தாங்கள் கவனிக்க வேண்டியது வேறு. அத்தொகுப்பின் பதினான்கு பாடல்களில் நோராவின் பெயர் இயற்றியவராக இடம்பெற்றவை மூன்றே. அவற்றிலும் ஒன்று ஹாரிஸுடன் சேர்ந்து எழுதியது. ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமியும் அதை எழுதிய ஹாரிஸுக்கே சென்றது. எல்லாப் பாடல்களையும் தாமே எழுதியோ பிறருடன் இணைந்து எழுதியோ நோரா ஒரு தொகுப்பை வெளியிட்டது 2007இல், அதாவது பள்ளியை விட்டு ஏறத்தாழ பத்தாண்டு கழித்து. குரலும் செவியும் குடும்பத்திலிருந்து வரலாம். பாட்டெழுதும் கை அவரவர் எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

ஆகவே, தங்கள் மகள் விரும்பும் ஒரு பட்டப்படிப்பில் சேரட்டும். எந்தப் பாடம் என்பதைவிட, மாலை நேரம் அவர் கையில் இருப்பதும், இசை நிகழ்ச்சிகள் நடக்கும் ஊரில் கல்லூரி இருப்பதும் முக்கியம். கீபோர்டோ கிட்டாரோ, தாமே வாசித்துக்கொண்டு பாடும் அளவுக்கு அவர் கற்க வேண்டும். மாதம் ஒரு பாடலையாவது முழுமையாக முடித்து, தேதியிட்டுப் பதிவுசெய்து வைக்கட்டும். மற்றவர் எழுதிய பாடல்களைப் பாடுவதைத் தடுக்காதீர்கள். ஒரு பாட்டின் கட்டுமானம் அப்போதுதான் பிடிபடும்.

ஒப்பந்தம் என்று யாரேனும் வந்தால் மட்டும் உறுதியாக இருங்கள். பதினெட்டு வயது நிறையுமுன் அவர் இடும் கையெழுத்து சட்டப்படி செல்லாது. அதன் பின்னரும் வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் இட வேண்டாம். வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி பெறும் உரிமையை 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத் திருத்தம் பாதுகாக்கிறது. ஒப்பந்தத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கே செல்லும் என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்து வாருங்கள். அவர் முழுமையாக முடித்த பாடல்கள் இரண்டு இருந்தால் போதும். அவற்றைக் கேட்டபின் கல்லூரிகளைப் பற்றிப் பேசுவோம்.