மருந்துப் பெட்டி: கனடாப் போத்தலுக்குள் மரமஞ்சள்

கேள்வி: எனக்கு வயது 58. பத்து வருசமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் மெட்போர்மினும் கிளிக்லசைட்டும் தருகிறார்கள். கனடாவிலிருந்து வந்த மகள் 'பெர்பெரின்' என்று ஒரு போத்தல் தந்திருக்கிறாள். சீன மூலிகையாம், பக்கவிளைவே இல்லையாம். குளிசைகளை விட்டுவிட்டு இதை எடுக்கலாமா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: குளிசையை மட்டும் விட்டுவிடாதீர்கள் அம்மா. மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

பெர்பெரின் உங்களுக்குப் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் வாங்கியிருப்பீர்களே, அதிலும் இருப்பது இதுதான். காய்ச்சலென்றால் எங்கள் அம்மா அதைக் கொத்தமல்லியோடு அவித்துத் தருவா. பனங்கட்டியைக் கடித்தால்தான் தொண்டையால் இறங்கும். சீனர்கள் ஹுவாங்லியன் என்ற செடியின் வேர்த்தண்டை வயிற்றோட்டத்துக்குக் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். சீனி வருத்தக்காரரின் வயிற்றோட்டத்துக்குப் பெர்பெரின் கொடுத்தபோது சீனியும் இறங்கியதை 1988இல் அங்கே எழுதி வைத்தார்கள்.

நான் மருந்துக் கடையில் நின்ற காலத்தில் ஒருவர் இதே சாமானைக் கொண்டுவந்தார். ஒரு கப்சூலைத் திறந்து பார்த்தேன். விரலில் பட்ட மஞ்சள் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. நாக்கில் வைத்த துளி மத்தியானச் சோறு வரைக்கும் கசந்தது.

வேலை செய்யுமா என்றால், செய்யும். 2008இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில், புதிதாகச் சீனி வருத்தம் கண்ட 36 பேரில் ஒரு பகுதியினர் பெர்பெரினும் மற்றவர்கள் மெட்போர்மினும் எடுத்தார்கள். பெர்பெரின் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம். மூன்று மாதத்தில் பெர்பெரின் எடுத்தவர்களின் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 9.5 சதவீதத்திலிருந்து 7.5க்கு வந்தது, மெட்போர்மினுக்குக் கிட்டத்தட்டச் சமம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் 36 பேர், மூன்று மாதம். உங்களுடையது பத்து வருசத்து வருத்தம்.

பக்கவிளைவு இல்லையென்பது விளம்பரக்காரரின் கதை. வயிற்றுப் பிசைவு, மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றோட்டம் எல்லாம் வரும். கிளிக்லசைட்டின் மேல் இதையும் போட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கி, வேர்த்துக் கை நடுங்கும். மற்ற மருந்துகளை ஈரல் கழிக்கும் வேகத்தையும் இது குறைக்கும். கொலஸ்ட்ரோல் குளிசை எடுப்பவரென்றால் அதையும் யோசிக்க வேண்டும். அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு போத்தலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். டொக்டர் ஏசினால் ஏசட்டும்.

கேள்வி: மருமகளுக்கு ஏழு மாதம். காய்ச்சல் காய்கிறது. மரமஞ்சள் அவித்துக் கொடுக்கலாமா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: வேண்டாம் ஐயா. பெர்பெரின் பச்சைக் குழந்தையின் இரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் கழிவைக் கூட்டி மஞ்சட்காமாலையைக் கடுமையாக்கக் கூடியது. இந்தப் பயத்தில்தான் சிங்கப்பூர் பல ஆண்டுகள் ஹுவாங்லியனைத் தடைசெய்து வைத்திருந்தது. பால் கொடுக்கும் காலத்திலும் கொடுக்காதீர்கள். அதோடு, வயிற்றில் பிள்ளையோடு காய்ச்சல் என்றால் குடிநீர் அவித்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. டெங்குவாகவும் இருக்கலாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.