ஓதத் தெரியும், பொருள் தெரியாது: அரபியை எங்கே தொடங்குவது?

கேள்வி: ஆந்திர எல்லையை ஒட்டிய பேரணாம்பட்டில் வசிக்கிறேன். வீட்டில் தமிழ்; கடைத்தெருவில் தெலுங்கும் உருதும் பேசிப் பழக்கம். சிறுவயதில் மதரஸாவில் கற்றதால் குர்ஆன் ஓத வரும், ஆனால் பொருள் தெரியாது. அரபி இலக்கண நூலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே வினைச்சொல் வாய்பாடு மிரட்டுகிறது. நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் சொற்களும் நிற்பதில்லை. தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள். இதயத்துக்கான அரபிச் சொல்லையும் நாய்க்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கல்ப்’தான். ஒன்றில் வருவது அடித்தொண்டையில் பிறக்கும் காஃப், மற்றதில் வருவது நம் ககரம் போன்ற காஃப். எழுத்தின் பெயரையே தமிழில் பிரித்து எழுத முடியவில்லை, பாருங்கள். 28 எழுத்துகளும் தெரிந்த உங்களுக்குத் தமிழ் எழுத்தின் துணை தேவையில்லை. நான் இங்கே தமிழில் எழுதுவதையும் அரபியில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

சொற்கள் நிற்காததற்குக் காரணம், அவற்றைத் தனித்தனியாகப் படிப்பது. அரபிச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து குறிப்பிட்ட வார்ப்புகளில் பிறக்கின்றன. இதற்கான பாடநூல் உங்கள் குடும்ப அட்டையிலேயே இருக்கலாம். நாஸிர், மன்ஸூர் என்று இரண்டு பெயர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வேர் ந-ஸ-ர, அதாவது உதவி. நாஸிர் உதவுபவர், மன்ஸூர் உதவி பெற்றவர். அதே வார்ப்பில் ஹ-ம-த என்ற வேரை ஊற்றினால் ஹாமித் புகழ்பவர், மஹ்மூத் புகழப்பட்டவர். க-த-ப என்றால் காதிப் எழுதுபவர், மக்தூப் எழுதப்பட்டது. இந்த இரண்டு வார்ப்புகள் பிடிபட்டால், புதிதாக ஒரு வேரைக் கற்கும்போதே இரண்டு சொற்களை நீங்களே ஊகித்துவிடலாம். எல்லா வேரும் எல்லா வார்ப்பிலும் வழங்காது என்பதால் அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பன்மையையும் அப்போதே சேர்த்துப் படியுங்கள். நம் ‘கள்’ போல ஒரே விகுதியைச் சேர்த்து முடிக்கிற வசதி அங்கே எப்போதும் இல்லை. கிதாப் (புத்தகம்) என்பது குதுப் என்று உள்ளுக்குள்ளேயே உருமாறும். மார்க்க அறிஞரான ஆலிமின் பன்மை உலமா, இறைநேசரான வலீயின் பன்மை அவ்லியா. (நாம் ‘உலமாக்கள்’ என்று பன்மைக்குப் பன்மை போட்டுக்கொள்கிறோம்!)

இலக்கணத்தைப் பெயர்ச்சொல் வாக்கியத்தில் தொடங்குங்கள். அதற்குத் தமிழரான உங்களிடம் ஒரு சாதகம் இருக்கிறது. ஆங்கில வழியில் அரபி கற்பவர்கள் ‘வீடு பெரியது’ என்ற வாக்கியத்தில் வினையைத் தேடி அலைவார்கள். நமக்கு அந்தத் தேடலே இல்லை. நீங்கள் தினமும் ஓதும் ‘அல்ஹம்து லில்லாஹி’ (புகழ் அல்லாஹ்வுக்கு) அப்படிப்பட்ட வாக்கியம்தான். அல்ஹம்து எழுவாய், கடைசியில் பேஷ், அதாவது உகரக் குறி. லில்லாஹி பயனிலை, கடைசியில் ஜேர், அதாவது இகரக் குறி. அந்த ஜேரைக் கொண்டுவந்தது முன்னால் நிற்கும் ‘லி’. அது நம் ‘கு’ உருபின் வேலையைச் செய்கிறது. நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். தமிழில் எட்டு வேற்றுமை படித்தவர் அரபியின் மூன்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவின் ஏழு வசனங்களில் எந்தச் சொல்லுக்கு ஏன் பேஷ், ஏன் ஜேர் என்று தேடுவதையே முதல் மாதப் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கவனம் தேவைப்படும் இடம் ‘அல்’. தமிழில் இதற்கு நேரான ஒன்று இல்லை. ‘பைத்துன் கபீருன்’ என்றால் ஒரு பெரிய வீடு. ‘அல்பைத்துல் கபீரு’ என்றால் நாம் அறிந்த அந்தப் பெரிய வீடு. ‘அல்பைத்து கபீருன்’ என்றாலோ, வீடு பெரியது என்ற முழு வாக்கியம். ஓர் ‘அல்’ இருப்பதும் இல்லாததும் பொருளையே மாற்றிவிடுகிறது. இந்த மூன்றையும் பத்துப் பொருள்களுக்குச் சொந்தமாக எழுதிப் பார்த்தால் ஆரம்ப இலக்கணத்தின் முக்கால் பங்கு கைக்கு வந்துவிடும்.

பால் பகுப்பு எரிச்சலூட்டும். சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். ஆனால் அரபியின் பன்மையில் உயர்திணை, அஃறிணை வேறுபாடு உண்டு என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரலாம். அஃறிணைப் பன்மையைப் பெண்பால் ஒருமை போல நடத்துவார்கள்: ‘அல்குதுபு ஜதீததுன்’, புத்தகங்கள் புதியவை.

வினை வாய்பாட்டில் இறந்தகாலத்துக்கு மட்டும் 14 வடிவங்கள். அவற்றை முதலில் ஒப்பிக்க வைப்பது மதரஸா முறை. முழுநேரம் படிக்கும் சிறுவர்களுக்கு அது சரிவரும். அரை மணி நேரம் கிடைப்பவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். இருவரைக் குறிக்கும் வடிவங்களை இப்போது தள்ளிவையுங்கள். நஸர உதவினான், நஸரத் உதவினாள், நஸர்து உதவினேன், நஸர்னா உதவினோம் என்று நான்கைந்தில் தொடங்கலாம். நிகழ்காலத்தில், செய்பவர் யார் என்ற அடையாளம் முன்னாலும் வரும். ஃபாத்திஹாவில் வரும் ‘நஃபுது’வில் (வணங்குகிறோம்) உள்ள ‘ந’ தான் ‘நாம்’.

உருது தெரிந்திருப்பது சொற்களுக்கு உதவும். கண்ணை மூடி நம்பிவிடாதீர்கள். உருதுவில் ஏழையைக் குறிக்கும் ‘கரீப்’ அரபியில் அந்நியமானதை, விசித்திரமானதைக் குறிக்கிறது.

நூல் என்று கேட்டால், ‘மதீனா புத்தகங்கள்’ என்று வழங்கும் மூன்று பாகப் பாடநூலைச் சொல்வேன். எழுதியவர் உங்கள் பக்கத்து ஊரான வாணியம்பாடியில் பிறந்து, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபி கற்பித்த டாக்டர் வ. அப்துர் ரஹீம். முதல் பாடமே ‘ஹாதா பைத்துன்’, இது வீடு. வாய்பாடு மிரட்டாது. முதல் பாகத்தின் 23 பாடங்களை அவசரமின்றி முடியுங்கள்.

எழுதியதைத் திருத்தித் தர ஓர் ஆள் வேண்டும். 1924 முதல் இயங்கும் ஜாமிஆ தாருஸ்ஸலாம் என்ற அரபிக் கல்லூரி இருக்கும் உமராபாத், ஆம்பூர் போகும் வழியில்தான் இருக்கிறது. அங்கு படித்துவிட்டு வந்த ஆலிம் யாரேனும் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். வாரம் ஒருமுறை நோட்டைப் பார்த்துத் தந்தால் போதும். பழக்க தோஷத்தில் அவர் வாய்பாட்டிலிருந்து ஆரம்பித்தால், முதல் பாகம் முடியும் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.