முதல் சுற்றில் எந்தக் கப்பல் வாங்கலாம்? ஆக்சிஸ் அண்ட் அல்லைஸ் கேள்வி பதில்

ஆக்சிஸ் அண்ட் அல்லைஸ், இரண்டாம் உலகப் போரைப் பலகையில் ஆடும் விளையாட்டு. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதன் 1942 இரண்டாம் பதிப்பைப் பற்றியவை. அதனால் விலையெல்லாம் அந்தப் பதிப்பின் கணக்கு: நீர்மூழ்கி 6, டிரான்ஸ்போர்ட் (படையை ஏற்றிச் செல்லும் கப்பல்) 7, டெஸ்ட்ராயர் 8, க்ரூஸர் 12, விமானந்தாங்கி 14, பேட்டில்ஷிப் 20. கூடவே விமானங்களில் ஃபைட்டர் 10, பாம்பர் 12. வீட்டில் 1984 மில்டன் பிராட்லி பெட்டி இருந்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அதில் பேட்டில்ஷிப் 24.

கேள்வி: பிரிட்டனாக ஆடும்போது முதல் சுற்றில் ஒரு டெஸ்ட்ராயரும் இரண்டு டிரான்ஸ்போர்ட்டும் வாங்குகிறேன். ஜெர்மனி வந்து மொத்தத்தையும் மூழ்கடித்துவிடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இதே கதை. எங்கே தப்பு அண்ணா?

வாங்கிய கப்பல் உங்கள் முறையின் கடைசியில்தான் பலகையில் இறங்கும். நீங்கள் அதை நகர்த்துவதற்குள் ஜெர்மனிக்கு ஒரு முழு முறை கிடைத்துவிடுகிறது. எனவே கடையைத் திறப்பதற்கு முன் ஒரு எண்ணிக்கை எடுங்கள்: கப்பலை வைக்கப்போகும் கடல் கட்டத்துக்கு எத்தனை ஜெர்மன் விமானம் வந்து தாக்கிவிட்டுத் திரும்பி இறங்க முடியும்? டிரான்ஸ்போர்ட்டுக்குத் தற்காப்பே கிடையாது. அந்த ஒற்றை டெஸ்ட்ராயர் போனதும், இரண்டு டிரான்ஸ்போர்ட்டும் பகடை உருட்டாமலே போய்விடும். 22 ஐ.பி.சி. (ஆட்டத்தின் பணம்) கடலில் கரைந்தது.

நான்கு ஃபைட்டர், ஒரு பாம்பர் எட்டும் என்று வைத்துக்கொள்வோம். தாக்கும் பலம் (பகடையில் அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் ஒரு அடி) 3, 3, 3, 3, 4; கூட்டினால் 16. ஆறால் வகுத்தால் முதல் உருட்டில் சராசரியாக இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவான அடி. பிரிட்டனின் முதல் சுற்றுப் பணமான 31-இல் ஒரு விமானந்தாங்கியும் இரண்டு டெஸ்ட்ராயரும் வாங்கி (30), கையில் இருக்கும் இரண்டு ஃபைட்டரை அதன்மேல் இறக்குங்கள். புதிதாக வரப்போகும் விமானந்தாங்கியில் அந்த முறையிலேயே இறங்க விதி இடம் தருகிறது. இப்போது தற்காப்பு 2, 2, 2, 4, 4, மொத்தம் 14. அடி விழும்போது 2-களை முதலில் கொடுத்து, ஃபைட்டர்களைக் கடைசிவரை வைத்துக்கொள்ளலாம். சண்டை ஏறக்குறைய சரிக்குச் சரி. ஆனால் ஜெர்மனி பணயம் வைப்பது 52 ஐ.பி.சி. விமானம், அதுவும் மாஸ்கோவுக்குத் தேவைப்படும் விமானம். நிதானமான ஆட்டக்காரர் வரமாட்டார்.

இன்னொன்று, முறை வரிசை: ரஷ்யா, ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான், அமெரிக்கா. உங்களுக்கும் அடுத்த ஜெர்மன் முறைக்கும் நடுவில் அமெரிக்கா வருகிறது. எட்டும் தூரத்தில் அமெரிக்க டெஸ்ட்ராயர் இருந்தால் உங்கள் கட்டத்திலேயே வந்து நிற்கச் சொல்லுங்கள். உங்கள் விமானந்தாங்கியில் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க ஃபைட்டரும் அதில் இறங்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்பதுதான் விஷயம்.

கேள்வி: ஏழு, எட்டு விமானம் எட்டும் என்றால்?

அந்தச் சுற்றில் கப்பலே வேண்டாம். மூன்று ஃபைட்டர் வாங்குங்கள், 30. இப்போதைக்கு லண்டனைக் காக்கும். அடுத்த சுற்றில் விமானந்தாங்கி வாங்கும்போது மேலே ஏற்ற ஆள் தயாராக இருக்கும்.

கேள்வி: க்ரூஸர் பார்க்க நன்றாக இருக்கிறது. யாரும் ஏன் வாங்குவதில்லை?

24 ஐ.பி.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு க்ரூஸர் வாங்கினால் பலம் 3+3, ஆறு. மூன்று டெஸ்ட்ராயர் வாங்கினால் 2+2+2, அதுவும் ஆறு. ஆனால் டெஸ்ட்ராயர் பக்கம் மூன்று அடி தாங்கும். போதாக்குறைக்கு நீர்மூழ்கியின் திடீர்த் தாக்குதலையும் அதுதான் தடுக்கும். க்ரூஸரிடம் கூடுதலாக இருப்பது கரையை நோக்கிச் சுடும் வசதி மட்டும். அது தரையிறங்கும் சண்டையில் ஒருமுறை 3-க்கு உருட்டுவது. அதற்காக 12 கொடுக்க எனக்கு மனசு வராது.

பேட்டில்ஷிப் இரண்டு அடி தாங்கும், ஒரு அடி விழுந்து சாய்த்து வைத்த காயைச் சண்டை முடிந்ததும் நிமிர்த்தி வைத்துக்கொள்ளலாம். அருமையான காய்தான். ஆரம்பத்தில் 20 கொடுத்து வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. ஏற்கெனவே இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி: ஜெர்மனி முதல் முறையிலேயே பால்டிக் கடலில் விமானந்தாங்கி வாங்குவது நல்ல திட்டமா? எங்கள் குழுவில் ஒருவர் எப்போதும் இதைத்தான் செய்கிறார்.

கெட்ட திட்டம் இல்லை. பால்டிக் கப்பல்கள் தப்பிக்கும், பிரிட்டன் இறங்கத் தாமதமாகும். ஆனால் 41-இல் 14 போனால் ரஷ்ய முனையில் நான்கு காலாட்படைக்கு மேல் குறைகிறது. அந்தக் குறை மூன்றாவது சுற்றில் தெரியும். நான் 12-க்கு ஒரு பாம்பர் வாங்குவேன். ஆறு கட்டம் பறக்கும், போகவரச் சேர்த்து. எதிரி ஒவ்வொரு முறையும் அதை எண்ணி இன்னும் ஒரு டெஸ்ட்ராயர் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். நிஜப் போரிலும் ஜெர்மனி 1938 டிசம்பரில் கிராஃப் செப்பலின் என்ற விமானந்தாங்கியை நீரில் இறக்கியது. கடைசிவரை கட்டி முடிக்கவில்லை.

கேள்வி: சார், அமெரிக்காவுக்கு 42 இருக்கிறது. ஏழு நீர்மூழ்கி வாங்கிப் பசிபிக்கில் விட்டால்?

தாக்கும்போது 14 பலம், மிரட்டல்தான். தற்காப்பில் ஒவ்வொன்றும் 1, விமானத்தை அடிக்கவே முடியாது. ஜப்பானிடம் டெஸ்ட்ராயர் இல்லை என்றால் அதன் விமானங்களும் உங்களை அடிக்க முடியாது. ஆகவே முதல் வேலை அந்த டெஸ்ட்ராயர்களை ஒழிப்பது. மூன்று நான்கு நீர்மூழ்கி, மீதிக்கு விமானந்தாங்கி என்று கலந்து வாங்குங்கள். நிஜத்தில் ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகளின் கணக்கில்தான் போனது. இந்த ஆட்டத்தில் வணிகக் கப்பலே கிடையாது என்பதால் அந்த லாபம் உங்களுக்கு வராது.

அட்லாண்டிக்கா பசிபிக்கா என்று முதலிலேயே முடிவெடுங்கள். பாதிப் பாதி பிரித்தால் இரண்டு கடலிலும் தோற்பீர்கள். அட்லாண்டிக் என்றால் விமானந்தாங்கி, டெஸ்ட்ராயர், இரண்டு டிரான்ஸ்போர்ட், இரண்டு காலாட்படை, சரியாக 42.

கேள்வி: ஜப்பானுக்கு முதல் முறையில் 30. மஞ்சூரியாவில் தொழிற்சாலையா, டிரான்ஸ்போர்ட்டா?

டிரான்ஸ்போர்ட். போர்க்கப்பல் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது, ஆளைக் கரை சேர்க்கத்தான் வண்டி போதாது. தொழிற்சாலை 15, மஞ்சூரியாவின் மதிப்பு 3 என்பதால் சுற்றுக்கு மூன்று காய்தான் இறக்கலாம். இரண்டு டிரான்ஸ்போர்ட் 14; சுற்றுக்கு நான்கு காய் கடத்தும், வேண்டுமென்றால் தெற்கேயும் திரும்பும். மீதி 16-இல் நான்கு காலாட்படை, ஒரு பீரங்கி. ஒரு டிரான்ஸ்போர்ட்டில் இரண்டு காய் ஏற்றும்போது ஒன்றாவது காலாட்படையாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பீரங்கியும் டாங்கும் சேர்ந்து ஏறாது.

கேள்வி: ரஷ்யாவுக்கு ஒரு நீர்மூழ்கி கூட வேண்டாமா?

வேண்டாம் தம்பி. அந்த 6-க்கு இரண்டு காலாட்படை வரும்.