கழற்ற முடியாத கைப்பட்டையும் வளையல்காரரும்

கேள்வி: மலையடிவாரத்தில் சிறிய நீர் விளையாட்டுப் பூங்கா நடத்துகிறேன். சாதாரண நாளில் ஐந்நூறு பேர் வருவார்கள், கோடை விடுமுறையில் மூன்று மடங்கு. டிக்கெட்டுக்கு அடையாளமாகக் காகிதப் பட்டை ஒன்றைக் கையில் ஒட்டிவிடுகிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிலர் அதைக் கழற்றி, மதில் ஓரம் நிற்கும் நண்பர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். லாக்கர் சாவிகளும் அடிக்கடி தொலைகின்றன. ஆர்.எஃப்.ஐ.டி. கைப்பட்டைக்கு, அதாவது ரேடியோ அலையால் படிக்கும் சிப் வைத்த பட்டைக்கு, மாறலாம் என்று மூன்று விற்பனையாளர்களை அழைத்தேன். ஒருவர் சிலிக்கோன் பட்டை என்கிறார், இன்னொருவர் பூட்டு வைத்த வினைல் பட்டை என்கிறார், மூன்றாமவர் பத்தடி தூரத்திலிருந்தே படிக்கும் பட்டை என்கிறார். மூவருமே "கழற்றவே முடியாது" என்று சத்தியம் செய்கிறார்கள். எதை வாங்குவது?
(கோவை மாவட்ட வாசகர்)

பதில்: முன்பணம் கொடுப்பதற்கு முன் திருவிழாக் கடைகளில் கண்ணாடி வளையல் ஏற்றிவிடுபவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்குவார். விரல் முட்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து அழுத்துவார். வளையல் அடம்பிடித்தால் ஒரு சொட்டு சோப்பு நுரை. இந்தக் கைக்கு இந்த வளையல் ஏறவே ஏறாது என்று பார்ப்பவர்கள் நினைக்கும்போதே அது மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிடும். ஏறிய வழியிலேயே இறங்கவும் செய்யும். உங்கள் பூங்காவில் மதியத்துக்குள் எல்லார் கையும் நனைந்து வழவழப்பாக இருக்கும். கழிப்பறையில் சோப்பு இருக்கிறது, பலர் தலையில் தேங்காய் எண்ணெயே இருக்கிறது. வளையல்காரருக்கு வேண்டிய சாமான் அத்தனையும் அங்கே இலவசம்.

ஆக, பட்டைக்குள் எவ்வளவு கெட்டிக்காரச் சிப் இருந்தாலும் தான் யார் கையில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. ரீடர், அதாவது பட்டையைப் படிக்கும் கருவி, கேட்டால் தன் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். கை மாறுவதைத் தடுப்பது பூட்டும் பட்டையின் சுற்றளவும். அந்தச் சுற்றளவைத் தீர்மானிப்பவர் உங்கள் கவுண்டரில் நிற்கும் பணியாளர்.

"கழற்றவே முடியாது" என்பது உண்மையாக இருந்தால் அந்தப் பட்டையை வாங்கவே கூடாது. சறுக்குப் பாதையில் பட்டை எங்காவது மாட்டினால் அறுந்துவிட வேண்டும். கை வீங்கினால் முதலுதவி அறையில் கத்தரிக்கோலால் ஒரே வெட்டில் வர வேண்டும். அப்படி வராதது பட்டை அல்ல, விலங்கு. நமக்கு வேண்டியது வேறு: சேதப்படுத்தாமல் கழற்ற முடியக் கூடாது, சேதப்படுத்தியது பார்த்ததும் தெரிய வேண்டும். காரின் முன்கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக் இப்படித்தான். உரித்து வேறு வண்டியில் ஒட்ட முயன்றால் கெட்டுப்போகும்படி அது செய்யப்பட்டிருக்கிறது.

ஃபாஸ்டேக்கைச் சொன்னதும் மூன்றாவது விற்பனையாளர் நினைவுக்கு வருகிறார். தூரத்திலிருந்து படிக்கும் பட்டைகள் பெரும்பாலும் ஃபாஸ்டேக் வேலை செய்யும் அதே அலைவரிசையில், அதாவது நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸையொட்டி, இயங்குபவை. சுங்கச்சாவடியில் அது நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே ஒட்டியிருப்பது கண்ணாடியில். மனிதக் கை பெரும்பாலும் தண்ணீர். இந்த அலைகளைத் தண்ணீர் விழுங்கிவிடும். உடம்போடு ஒட்டிய பட்டையின் ஆன்டெனாவும் சுருதி தப்பிப் போகும். உலர்ந்த அலுவலகத்தில் பட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் காட்டினால் பத்தடியில் அழகாகப் படிக்கும். அவரை ஒரு வாளி தண்ணீருக்கு முன் உட்கார வையுங்கள். பட்டையைக் கையில் இறுக்கமாகக் கட்டி, வாளிக்குள் முக்கி எடுத்து, ஈரம் சொட்டச் சொட்டக் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு ரீடரைக் கடந்து நடக்கச் சொல்லுங்கள். மீதியை அந்த நடையே சொல்லிவிடும்.

உங்களுக்குப் பொருந்துவது 13.56 மெகாஹெர்ட்ஸ் வகை. இதில் பேட்டரி கிடையாது. ரீடர் உண்டாக்கும் காந்தப்புலத்தில் பட்டைக்குள் இருக்கும் சிறு சுருள் மின்சாரம் பெற்றுச் சிப்பை எழுப்புகிறது. சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் படிக்கும், தண்ணீரைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படாது. அருகில் கொண்டுவந்து காட்ட வேண்டியிருப்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது வசதியாகவே படுகிறது, கையை நீட்டும்போது வாசலில் நிற்பவர் பூட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இரும்புக் கதவின்மேல் நேரடியாக ரீடரைப் பொருத்திவிடாதீர்கள். உலோகம் காந்தப்புலத்தைக் கெடுக்கும், நடுவில் தடுப்பு வேண்டும்.

இனி பட்டை எதனால் ஆனது என்ற கேள்வி. சிலிக்கோன் பட்டை பார்க்க அழகு, துவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம், தோலை உறுத்தாது. ஆனால் வளையமாக வரும் வகை இழுத்தால் நீளும், கடிகாரப் பட்டைபோல் மாட்டும் வகையை யாரும் கழற்றலாம். உங்கள் மதில் பிரச்சினைக்கு அது எதிரி. லாக்கர் சாவிக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். துணிப்பட்டை பல நாள் நடக்கும் இசை விழாக்களுக்காக வந்தது. அதில் ஒரு சிறு பிளாஸ்டிக் மணி இருக்கும், உள்ளே இருக்கும் பற்கள் இறுக்கும் பக்கம் மட்டுமே நகரவிடும். நல்ல பூட்டுதான், ஆனால் நாள் முழுக்க ஈரத்துணி மணிக்கட்டில் கிடப்பதைக் குழந்தைகள் விரும்ப மாட்டார்கள்.

நீங்கள் இப்போது கட்டும் காகிதம் அனேகமாகக் காகிதமே அல்ல. டைவெக் என்கிற பாலிஎத்திலீன் இழைத் தாளாக இருக்கும், அதனால்தான் தண்ணீரில் கிழிவதில்லை. ஒட்டும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள் தெரிகின்றனவா பாருங்கள். உரிக்க முயன்றால் அந்தக் கீறல்களில் கிழிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஈரக் கையிலோ அவசரத்திலோ ஒட்டினால் பசை பிடிக்காது, கீறலும் கிழியாது, பட்டை முழுசாகக் கழன்று வரும். உங்களுக்கு நடப்பது இதுவா, வளையல் வித்தையா என்பதை வாசலில் ஒரு நாள் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் தேர்வு வினைல் பட்டை, ஒருமுறைப் பூட்டோடு. தையற்கடை பிரஸ் பட்டன் போல இருக்கும், ஆனால் முளை குழிக்குள் போனால் திரும்பி வராது. நெம்பினால் உடையும். வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். துளைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது முதலாவது. இடைவெளி அதிகமானால் ஒரு துளை இறுக்கமாகவும் அடுத்த துளை தொளதொளவென்றும் இருக்கும், பணியாளர் இரக்கப்பட்டுத் தொளதொளப்பையே தேர்ந்தெடுப்பார். அங்கே வளையல்காரர் ஜெயித்துவிடுவார். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் நுழையக் கூடாது.

சிப்பும் சுருளும் எங்கே இருக்கின்றன என்பது இரண்டாவது. பல பட்டைகளில் இரண்டும் முன்பக்கம் ஒரு நாணய அளவு வில்லைக்குள் அடங்கியிருக்கும். பூட்டருகே பிளேடால் வெட்டி, அடுத்தவர் கையில் செலோடேப் ஒட்டினால் சிப் எதுவும் நடக்காததுபோல் வேலை செய்யும். இதற்கும் மருந்து உண்டு. என்.எக்ஸ்.பி. நிறுவனத்தின் என்டேக் 213 டி.டி. போன்ற சிப்களில் மெல்லிய கம்பி வளையம் ஒன்றை இணைக்கலாம். கம்பி அறுந்தபின் ரீடருக்கு அருகே வந்ததும் "அறுந்தது" என்று சிப் தனக்குள் நிரந்தரமாகக் குறித்துக்கொள்ளும், பிறகு ஒட்டினாலும் அழியாது. அந்தக் கம்பி பட்டை முழுக்க ஓடிப் பூட்டு வழியாகவும் போனால்தான் பயன். ஒரு நாள் டிக்கெட்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து. பிரசவ ஆஸ்பத்திரிகளில் பச்சிளம் குழந்தையின் காலில் கட்டும் பட்டை, வெட்டினால் அலாரம் அடிக்க வேண்டும், அங்கே செலவு நியாயம். உங்களுக்கு வாசல் பணியாளரின் கண் போதும்.

பூட்டை விட்டுவிட்டு ஆளையே அடையாளம் கண்டால் என்ன என்று கேட்கலாம். ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு 2013இல் கொண்டுவந்த மேஜிக்பேண்ட் என்ற கைப்பட்டையை யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். அதைப் பற்றி அவர்கள் கவலைப்படாததற்குக் காரணம், நுழைவாயிலில் விரலையும் வைக்கச் சொல்வது. நீங்கள் அந்த வழிக்குப் போக வேண்டாம். உங்களிடம் வருவோரில் பெரும்பங்கு பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி குழந்தைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். தலைக்கு ஒரு பட்டை எண், குடும்பத்துக்கு ஒரு கைப்பேசி எண், இரவில் அதையும் அழித்துவிடுவது என்று இருந்தால் தலைவலி குறைவு.

பட்டையில் பணம் ஏற்றி உணவுக் கடையில் செலவழிக்க வைக்கலாம் என்றும் விற்பனையாளர்கள் ஆசை காட்டியிருப்பார்கள். அப்போது சிப் என்ன வகை என்று கேளுங்கள். "மைஃபேர் கிளாசிக்" என்று பதில் வந்தால் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடலாம். அதன் ரகசியக் குறிமுறையை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். எந்தச் சிப்பாக இருந்தாலும் அதன் வரிசை எண்ணை மட்டும் படித்துக் கதவைத் திறக்கும் அமைப்பும் பலவீனமானதே. விரும்பிய எண்ணை எழுதிக்கொள்ளக்கூடிய நகல் சிப்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அன்றன்று காலாவதியாகும் லாக்கர் சாவிக்கு அந்த ஆபத்தை ஏற்கலாம். பணத்துக்கு டெஸ்ஃபயர், அல்ட்ராலைட் ஏ.இ.எஸ். போன்ற வலுவான குறிமுறை கொண்ட சிப்கள் வேண்டும், இருப்புத்தொகை சர்வரில் இருக்க வேண்டும், பட்டையில் அல்ல. மலையடிவாரம் என்கிறீர்கள். மின்சாரமும் இணையமும் போனால் லாக்கர் எப்படித் திறக்கும் என்பதைச் சொல்லச் சொல்லாதீர்கள், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கணக்கு வழக்கில் ஒரு சிக்கல். உங்கள் பொருளுக்கும் சேவைக்கும் மட்டும் பயன்படும்படி பட்டையில் முன்கூட்டியே ஏற்றும் பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவைப்படாது. ஐஸ்கிரீம் கடையை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்து, அங்கேயும் பட்டை செல்லும் என்றால் நிலைமை மாறிவிடும். ஆடிட்டரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம். மிச்சப் பணத்தை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான் ஆலோசனைக்குப் போன ஒரு பூங்காவில் வாசல் ரீடர்களுக்கே பல லட்சம் செலவு செய்திருந்தார்கள். பட்டையும் நல்ல பட்டை. ஆனாலும் கை மாறிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வரிசை வெயிலில் வளைந்து நிற்கிறது. ஒரு வேன் நிறைய ஆள் வந்திருக்கிறார்கள். முன்னால் நின்ற பெரியவர், "எல்லாவற்றையும் என்னிடம் கொடு தம்பி, நாங்களே கட்டிக்கொள்கிறோம்" என்றார். பையனும் பதினான்கு பட்டைகளை எண்ணி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்துவிட்டான். அவை எப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பணம் வாங்கும் இடத்தையும் கட்டிவிடும் இடத்தையும் பிரித்து, கட்டுவதற்கென்றே இரண்டு பேரை நிறுத்தச் சொன்னேன். கையைத் துடைக்க ஒரு துண்டு, குழந்தைகள் ஏறி நிற்க ஒரு முக்காலி. அதன் பிறகு புகார் வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த மாற்றத்துக்கான செலவு இரண்டு சம்பளமும் ஒரு முக்காலியும்தான்.

மொத்தமாக வாங்குவதற்கு முன் மூவரிடமும் ஐம்பது ஐம்பது மாதிரிப் பட்டைகளை விலை கொடுத்தே வாங்குங்கள். உங்கள் பணியாளர்களிலேயே ஒல்லியான கைக்காரர்களுக்குக் கட்டி, குளோரின் தண்ணீரில் இரண்டு மணி நேரம் விளையாடவிட்டு, சோப்பையும் எண்ணெயையும் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியவருக்கு நூறு ரூபாய் பரிசு என்று அறிவித்தால் எந்த ஆய்வகமும் கண்டுபிடிக்காத வழியைக் கண்டுபிடிப்பார்கள்.

கடைசியாக, உங்கள் மதிலைப் பற்றி. நண்பர்கள் மதியத்துக்கு மேல்தான் வருகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழுநாள் டிக்கெட்டை மூன்று மணி நேரத்துக்காக வாங்க அவர்களுக்கு மனமில்லை, அவ்வளவுதான். இரண்டு மணிக்கு மேல் பாதி விலையில் ஒரு டிக்கெட்டை வேறு நிறப் பட்டையோடு இந்த மாதமே தொடங்குங்கள். அதற்கு உங்களிடம் இருக்கும் காகிதப் பட்டையே போதும். அதன் பிறகும் மதில் ஓரம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வினைல் பட்டைக்கு எண்ணிக்கை சொல்லுங்கள்.