ஐந்து லிட்டர் இரத்தம், 180 லிட்டர் வடிகட்டல்

கேள்வி: சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை வடிகட்டுவதாகப் படித்தேன். உடலில் இரத்தமே ஐந்து லிட்டர்தான் எனும்போது இது எப்படிச் சாத்தியம்?
– வாசகர், தேனி

பதில்: ஐயம் நியாயமானதுதான், ஆயினும் கணக்கு சரியே. ஓய்வாக இருக்கையில் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, கைப்பிடி அளவே உள்ள இரண்டு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. ஒவ்வொன்றிலும் உள்ள சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் எனும் நுண்ணிய வடிகட்டும் குழாய்களின் தொடக்கத்தில், இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் தங்கிவிட, நீரும் உப்பும் சர்க்கரையும் யூரியாவும் நிமிடத்துக்கு 125 மில்லி லிட்டர் வீதம் வடிகின்றன. இரத்தத்தின் திரவப் பகுதியான சுமார் 3 லிட்டர் பிளாஸ்மாவே திரும்பத் திரும்ப வருவதால், அது நாளில் 60 முறை வடிகட்டப்படுகிறது.

வடிகட்டுவதைவிட மீட்பதே பெரிய வேலை என்பேன். வடிந்த நீரில் சுமார் 99 விழுக்காடு இரத்தத்துக்கே திரும்புகிறது. ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. உடலில் நீர் குறைந்தால் பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரெசின் எனும் ஹார்மோனைக் கூடுதலாக வெளிவிட, இன்னும் அதிக நீர் மீட்கப்படுகிறது. வெயிலில் அலைந்த நாளில் சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாவது இதனால்தான். சர்க்கரையோ வழக்கமாக முழுவதும் மீட்கப்படும். இரத்தத்தில் அது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் மட்டுமே, மீட்கும் திறன் போதாமல், சிறுநீரில் வெளிப்படுகிறது.