கோழிகள் செத்தது தீவனத்தாலா, மருந்தாலா?

கேள்வி: புதுத் தீவனம் போட்ட சில நாளில் என் கறிக்கோழிகள் காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு விழுந்தன. பாதி செத்துவிட்டன. தொடையிலும் இதயத்திலும் தசை சிதைந்திருக்கிறது, தீவனத்தில் கலந்த சாலினோமைசின் காரணமாக இருக்கலாம் என்கிறது ஆய்வக அறிக்கை. நாங்கள் சளிக்கு டயாமுலின் மட்டும்தான் தண்ணீரில் கொடுத்தோம். தீவன நிறுவனம் போனை எடுப்பதில்லை. பார்க்க வந்தவரும் மரியாதையில்லாமல் பேசினார். முழு நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: போனையும் மரியாதையையும் விடுங்கள். 'டயாமுலின் மட்டும்தான்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, வழக்கே அதில்தான் இருக்கிறது.

ரத்தக் கழிச்சலைத் தடுக்கக் கறிக்கோழித் தீவனத்தில் டன்னுக்கு 60 கிராம் வாக்கில் சாலினோமைசின் கலப்பது வழக்கம்தான். கூடவே டயாமுலின் உள்ளே போனால் கல்லீரலால் சாலினோமைசினைச் சிதைத்து வெளியேற்ற முடியாது. சரியான அளவே விஷமாகிவிடும். தீவனத்தைச் சோதித்து அளவு சரி என்று வந்தால், கொன்றது உங்கள் மருந்து என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும்.

ஆகவே எனக்கு வேண்டியது இரண்டு தேதிகள்: டயாமுலின் தொடங்கிய நாள், முதல் கோழி விழுந்த நாள். விழுந்தது முன்னால் என்றால் தைரியமாக வழக்குப் போடலாம். பின்னால் என்றால் நிலைமை கஷ்டம்.

இந்த இடத்தில்தான் பலர் கெட்டுப்போகிறார்கள். மருந்துப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிப்பார்கள், அல்லது முழுப் பதிவேட்டையும் ஒரே பேனாவில் புதிதாக எழுதுவார்கள். அப்புறம் மருந்துக்கடை பில் நீதிமன்றத்துக்கு வரும். ஜெயிக்க வேண்டிய ஒரு வழக்கு அப்படித் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். தீவனத்தில் அளவு கூடுதல் என்று அறிக்கை இருந்தும், பதிவேட்டைத் திருத்தியவர் சொன்ன எதையும் நீதிபதி நம்பவில்லை. தயவுசெய்து ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீர்கள்.

மூட்டையின் சீட்டைப் பாருங்கள். சாலினோமைசின் பெயரோ டயாமுலின் கூடாது என்ற எச்சரிக்கையோ அதில் இல்லையென்றால் உங்களுக்குப் பிடி கிடைக்கும். டயாமுலின் எழுதிக்கொடுத்தவர் அந்த நிறுவனத்தின் மருத்துவர் என்றால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லாமல், தேதியும் எதிராக இருந்தால் சமரசம் பேசுங்கள். தீவன பாக்கியைத் தள்ளி, அடுத்த குஞ்சுகளுக்கு ஒரு தொகை தருவார்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத் தீவனம் தருகிறோம் என்று மிச்ச மூட்டைகளைக் கேட்பார்கள். பணம் கைக்கு வரும்வரை ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.